ஒரே பெயரில் பல உயிர்கள்: பெயர்க் குழப்பத்துக்கு ஐநேச்சுரலிஸ்ட் எவ்வளவு உதவும்?

'கருப்பு வவ்வால்' என்றால் ஒருவருக்கு இரவில் பறக்கும் பாலூட்டி நினைவுக்கு வரும். கடல் மீன்களை அறிந்தவருக்குத் தட்டையான ஒரு மீன் நினைவுக்கு வரும். மீனுக்குள்ளும் குழப்பம் தீராது. வெள்ளை வவ்வால் பாம்பஸ் பேரினத்து மீன். கருப்பு வவ்வாலோ பாரை மீன்களின் குடும்பமான கராஞ்சிடேவைச் சேர்ந்தது. வடிவம் ஒத்திருப்பதால் பெயரும் ஒன்றாகிவிட்டது, உறவு நெருங்கியது அல்ல. இப்படி ஒரே பெயரை இரண்டு மூன்று உயிர்கள் பங்கிட்டுக்கொள்வது எல்லா மொழிகளிலும் உண்டு. செடி, பூச்சி, பறவை, மீன் எதையாவது படம் எடுத்து அடையாளம் காண விரும்புபவர் முதலில் தடுக்கி விழும் இடமும் இதுதான். இந்தக் கட்டுரை, அதற்கு உதவும் இணையச் சேவையான ஐநேச்சுரலிஸ்ட்டை இந்த ஒரு கோணத்தில் மட்டும் மதிப்பிடுகிறது. படம் அழகாகப் பதிவாகிறதா, செயலி வேகமாக ஓடுகிறதா என்பதற்குள் போகவில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொதுவழியில் கிடைக்கும் கருவிகளில் பெயர்க் குழப்பத்தை அவிழ்க்க மிகவும் தோதானது இதுதான். ஆனால் கணக்கு தொடங்கியவுடன் இருக்கும் அமைப்பில் அப்படியே பயன்படுத்தினால் அந்தப் பலன் பாதிகூடக் கிடைக்காது. சில அமைப்புகளை மாற்ற வேண்டும், தேடும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும்.

2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களின் இறுதித் திட்டமாகத் தொடங்கியது இது. 2014-இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் கீழ் வந்தது, 2017-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கமும் சேர்ந்துகொண்டது, 2023 முதல் தனி லாப நோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. கட்டணம் இல்லை. படத்தையோ ஒலிப்பதிவையோ தேதியும் இடமும் சேர்த்துப் பதிவேற்றினால், மற்ற பயனர்கள் அது என்ன உயிர் என்று சொல்வார்கள். உறுதியான பதிவுகள் ஜிபிஃப் என்ற உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும்.

இதன் முதுகெலும்பு பெயர் அல்ல, எண். ஒவ்வொரு சிற்றினத்துக்கும், பேரினத்துக்கும், குடும்பத்துக்கும் ஒரு நிலையான எண் உண்டு. அந்தப் பக்கத்தின் முகவரியிலேயே அது தெரியும். மனிதனுக்கு 43584. பெயர்கள் எல்லாம் அந்த எண்ணில் ஒட்டப்பட்ட சீட்டுகள். ஒரே உயிருக்கு எத்தனை மொழியிலும், ஒரு மொழியில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரே பெயரை நான்கு உயிர்களிலும் ஒட்டலாம், தளம் தடுக்காது. இது குறையாகத் தோன்றலாம். உண்மையில் இதுதான் பலம். மக்கள் வாயில் பெயர் எப்படிப் புழங்குகிறதோ அப்படியே அதை வைத்துக்கொண்டு, கணக்கை மட்டும் எண்ணில் நடத்துகிறது.

குழப்பம் நுழையும் வாசல் தேடல் பெட்டி. பெயரைத் தட்டத் தொடங்கியதும் கீழே ஒரு பட்டியல் விரியும். ஒவ்வொரு வரியிலும் சிறு படம், பொதுப்பெயர், அறிவியல் பெயர் இருக்கும். அதிகம் பதிவான உயிர் பெரும்பாலும் மேலே நிற்கும். அவசரத்தில் முதல் வரியைத் தொட்டுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. ஆங்கிலத்தில் 'ராபின்' என்று தட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ராபின் எரிதாகஸ் ருபெகுலா, சுமார் 14 செ.மீ. நீளம், ஈப்பிடிப்பான் குடும்பம். அமெரிக்க ராபின் டர்டஸ் மைகிரேட்டோரியஸ், சுமார் 25 செ.மீ., பூங்குருவிக் குடும்பம். இரண்டுக்கும் பொது, செந்நிற மார்பு மட்டும்தான். 'டாடி லாங்லெக்ஸ்' என்ற பெயர் இன்னும் மோசம்: அறுவடைச்சிலந்தி எனப்படும் ஒப்பிலியோன்கள், வீட்டு மூலைகளில் தொங்கும் ஃபோல்சிடே சிலந்திகள், நீண்ட கால்கொண்ட கிரேன் ஈக்கள் என மூன்று வேறு கூட்டங்களுக்கும் அதே பெயர். முதலாவது சிலந்தியே அல்ல. மூன்றாவது ஆறு கால் பூச்சி.

'ஹெம்லாக்' என்ற பெயர் உயிரோடு விளையாடுவது. கோனியம் மாகுலாட்டம் கொத்தமல்லிக் குடும்பத்துக் கொடிய நச்சுச் செடி: குழல் தண்டு, அதில் ஊதாப் புள்ளிகள், குடை போன்ற வெண்பூங்கொத்து. ட்சூகா பேரினத்து ஹெம்லாக்குகளோ ஊசியிலை மரங்கள். அந்த நஞ்சுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. பெயரை மட்டும் வைத்து ஒன்றைப் பற்றிப் படித்ததை மற்றொன்றில் ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டிய முதல் வேலை, கணக்கின் அமைப்புகளில் உள்ளடக்கம், காட்சி தொடர்பான பகுதிக்குப் போவது. இணையதளத்தில் இதைச் செய்வது எளிது. செயலியில் அமைப்புகள் இருக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பெயர் காட்டும் முறை மூன்று வகை: பொதுப்பெயர் முதலில், அறிவியல் பெயர் முதலில், அறிவியல் பெயர் மட்டும். அறிவியல் பெயர் முதலில் வரும்படி மாற்றிவிடுங்கள். பொதுப்பெயர் பின்னால் தொடர்ந்து இருக்கும், ஆனால் கண் முதலில் தனித்த பெயரைப் பார்க்கும். அதே இடத்தில் பொதுப்பெயர்களுக்கான மொழியையும், எந்த நிலப்பகுதியில் வழங்கும் பெயருக்கு முன்னுரிமை என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரே மொழி பேசும் இரு நாடுகளில் ஒரே பெயர் வேறு உயிரைக் குறிக்கும்போது இந்த இடத் தேர்வுதான் கைகொடுக்கும். 'எல்க்' என்பது ஐரோப்பிய ஆங்கிலத்தில் ஆல்சஸ் ஆல்சஸ், அதையே வட அமெரிக்காவில் மூஸ் என்பார்கள். வட அமெரிக்க 'எல்க்' செர்வஸ் கனடென்சிஸ் என்ற வேறு மான்.

இரண்டாவது, தேடல் பட்டியலில் அறிவியல் பெயர் வரியைப் படித்த பிறகே தொடுவது. தெரியாத அறிவியல் பெயராக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தேர்ந்தெடுக்க அரை நிமிடம்கூட ஆகாது.

இனி தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். நெருஞ்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே புரியும். தரையோடு படரும் நெருஞ்சி டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இரு பக்கமும் வரிசையாக அமைந்த கூட்டிலை, ஐந்து இதழும் தனித்தனியான மஞ்சள் பூ, முற்றினால் ஐந்து துண்டாக உடையும் முள்காய். பெரு நெருஞ்சி அல்லது ஆனை நெருஞ்சி பெடாலியம் முரெக்ஸ். இதன் இலை தனியிலை, சதைப்பற்றோடு ஓரத்தில் பல்வெட்டு கொண்டது; பூ மஞ்சள்தான், ஆனால் குழல் வடிவம்; காய் நான்கு பட்டையாக, அடிப்பகுதியில் நான்கு முட்களோடு இருக்கும். பச்சை இலையும் தண்டும் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் வழவழவென்று கொழகொழப்பாகும். சிறு நெருஞ்சியில் அது நடக்காது. இரண்டும் வேறு வேறு குடும்பம். பூ மஞ்சள், காயில் முள் என்ற இரண்டு ஒற்றுமைகள்தான் பெயரைப் பகிர வைத்தன.

இந்த இரண்டில் எதையாவது பதிவேற்றும்போது பூவை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புவது போதாது. மஞ்சள் நிறம் எதையும் சொல்லாது. ஒரே பதிவில் நான்கு படம் வையுங்கள்: முழுச்செடி, இலை தண்டில் சேரும் இடம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய். நான்கையும் ஒரே பதிவாக இணைப்பது முக்கியம். தனித்தனிப் பதிவாகப் போட்டால் அடையாளம் சொல்பவருக்கு ஒன்றோடொன்று தொடர்பு தெரியாது. எதிர்த்தவறும் நடக்கிறது: இரண்டு வேறு செடிகளின் படங்களை ஒரே பதிவில் போட்டுவிடுவார்கள். அப்படியானால் எந்தப் படத்துக்கு விடை சொல்வது என்று யாருக்கும் தெரியாமல் பதிவு முடங்கிப்போகும்.

படத்தைப் பார்த்துத் தானாகப் பரிந்துரைக்கும் கணினிப்பார்வை, பெயர்க் குழப்பத்தைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் மிக நல்ல பகுதி. அதற்கு மக்கள் வழங்கும் பெயர் தெரியாது, தெரியவும் வேண்டாம். படத்தையும் இடத்தையும் மட்டும் பார்க்கிறது. தோற்ற ஒற்றுமை உள்ளது, அருகில் எதிர்பார்க்கக்கூடியது என்ற குறிப்புகளைப் பரிந்துரையோடு தருகிறது. உறுதி இல்லையென்றால் பேரினம் போன்ற மேல்நிலையை முதலில் பரிந்துரைத்து, சிற்றினங்களை வாய்ப்புகளாக மட்டும் கீழே பட்டியலிடும். பெயரை மனதில் வைத்துத் தேடிப் போனவர், அந்தப் பெயர் பரிந்துரையில் எங்குமே இல்லை என்று கண்டால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். பரிந்துரை தவறாக இருக்கலாம், பெயர் வேறு உயிருடையதாகவும் இருக்கலாம். பின்னது பலர் நினைப்பதைவிட அடிக்கடி நடப்பது.

தவறான பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் அதை இறக்குவதற்கான கணக்கு பலருக்குத் தெரிவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பதிவின் கூட்டு அடையாளம் முடிவாக, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். 'மேல்' என்பதைக் கவனியுங்கள். ஒருவர் தவறாகவும் இருவர் சரியாகவும் சொன்னால் அது சரியாக மூன்றில் இரண்டு பங்கு, போதாது. ஒரு தவறான அடையாளத்தை வெல்ல மூன்று சரியான அடையாளம் தேவை. அதுவரை பதிவு, இரண்டுக்கும் பொதுவான மேல்நிலைக்கு ஏறி நிற்கும். இரண்டும் ஒரே குடும்பமென்றால் குடும்பத்தில் நிற்கும், ஓரளவு பரவாயில்லை. ஆனால் ஒருவர் செடி என்றும் மற்றவர் விலங்கு என்றும் சொல்லிவிட்டால் பொதுவான நிலை 'உயிர்' மட்டும்தான். செடி அறிந்தவர்கள் செடிகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பார்கள், பூச்சி அறிந்தவர்கள் பூச்சிகளை மட்டும் பார்ப்பார்கள். 'உயிர்' என்று நிற்கும் பதிவு இரண்டு வடிகட்டியிலும் விழாது. மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும். பெயரைப் பட்டியலிலிருந்து தவறாகத் தொட்டதால் மட்டுமே இப்படிச் சிக்கும் பதிவுகள் உண்டு.

தீர்வு எளிது: தவறாகச் சொன்னவரே தன் அடையாளத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது புதிய அடையாளம் கொடுத்தால் பழையது தானே விலகிவிடும். பதிவு போட்டவர் அறிவிப்புகளைக் கவனித்து இதைச் செய்தால் ஒரே நொடியில் பிரச்சினை தீரும். பதிவிட்டுவிட்டு மறந்துபோகிறவர்களால்தான் மூன்று பேர் தேவைப்படுகிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல். இருக்கும் அடையாளத்தைவிட மேல்நிலை அடையாளம் கொடுக்கும்போது தளம் ஒரு கேள்வி கேட்கும்: இது அந்தச் சிற்றினமா என்று தெரியவில்லை, ஆனால் இந்தப் பேரினம் என்பது உறுதி என்கிறீர்களா, அல்லது அந்தச் சிற்றினம் அல்லவே அல்ல என்கிறீர்களா? முதல் விடை யாரையும் மறுக்காது. இரண்டாவது மறுப்பு, அது கணக்கில் ஏறும். அவசரமாக ஏதோ ஒன்றைத் தொட்டால் சரியான அடையாளத்தையே கவிழ்த்துவிடலாம்.

பெயர்க் குழப்பத்தால் வரும் ஆபத்துக்குத் தமிழில் 'விரியன்' போதுமான சான்று. கண்ணாடி விரியன் டபோயா ரசெலி, வைப்பரிடே குடும்பம். சுருட்டை விரியன் எகிஸ் காரினேட்டஸ், அதே குடும்பம். கட்டுவிரியன் பங்காரஸ் சிருலியஸ். இது விரியன் குடும்பமே அல்ல, நல்ல பாம்பு சேரும் எலாபிடே குடும்பம். கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைக் குலைத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலும் போகலாம். 'விரியன்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒன்றின் அறிகுறியை மற்றொன்றில் எதிர்பார்ப்பது கொடிய தவறு.

கட்டுவிரியனோடு அடிக்கடி குழம்பும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன் வேறு இருக்கிறது. வரையனின் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வால் நோக்கி மங்கும். கட்டுவிரியனில் தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து வால் நோக்கித் தெளிவாகும். கட்டுவிரியனின் முதுகு நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவம். இந்த வேறுபாடுகள் பாதுகாப்பான தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்த படத்தில் பிறகு பார்ப்பதற்கு மட்டுமே. கடி பட்டவர் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட்டில் பதில் வர நிமிடங்களும் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். அவசரத்துக்கான சேவை அல்ல அது, அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

ஒவ்வொரு சிற்றினத்தின் பக்கத்திலும் உள்ள ஒத்த இனங்கள் என்ற தாவலுக்குத் தனிப் பாராட்டு. அந்த உயிரோடு பயனர்கள் உண்மையில் எவற்றைக் குழப்பியிருக்கிறார்கள் என்பதை, முன்பு நடந்த திருத்தங்களிலிருந்து திரட்டிக் காட்டுகிறது. நூலில் ஆசிரியர் ஊகித்து எழுதும் 'இதைப் போன்றவை' பட்டியலைவிட இது நடைமுறைக்கு நெருக்கமானது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இது தோற்றக் குழப்பத்தையே பெரும்பாலும் காட்டும். தோற்றம் சிறிதும் ஒவ்வாமல் பெயர் மட்டும் ஒன்றாக இருப்பவை இதில் வராது. அசோகு அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சராக்கா அசோகா கூட்டிலையும், ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு மாறும் அடர்ந்த பூங்கொத்தும் கொண்ட மரம். வேலியோரம் கம்பம்போல் நெடுநெடுவென்று நிற்கும் நெட்டிலிங்கம் மோனூன் லாஞ்சிஃபோலியம். அலையலையான ஓரம்கொண்ட நீண்ட தனியிலை, வெளிர்பச்சை விண்மீன் பூ. இதையும் பலர் அசோகு என்றே சொல்கிறார்கள். படத்தில் யாரும் இரண்டையும் குழப்ப மாட்டார்கள், பேச்சில் எல்லோரும் குழப்புகிறார்கள். நெட்டிலிங்கம் முன்பு பாலியால்தியா பேரினத்தில் இருந்தது. பழைய நூல்களில் அந்தப் பெயர்தான். பழைய அறிவியல் பெயரைத் தட்டினாலும் புதிய பக்கத்துக்குக் கொண்டுசேர்ப்பது இந்தத் தளத்தின் இன்னொரு நன்மை, ஏனெனில் விலக்கப்பட்ட பெயர்களும் அதே எண்ணில் ஒட்டியபடியே இருக்கின்றன.

கள்ளி இதைவிடச் சுவையானது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி யூஃபோர்பியா பேரினம். சப்பாத்திக்கள்ளி ஒபுன்ஷியா, அதாவது காக்டஸ் செடிகளின் குடும்பமான காக்டேசியே. கள்ளிமந்தாரையோ புளுமேரியா, அரளியின் குடும்பம். யூஃபோர்பியாவில் கீறினால் வெள்ளைப் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. முட்கள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக நிற்கும். சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. முட்கள் சிறு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும், அதே புள்ளியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்முட்களும் இருக்கும், தோலில் ஏறினால் எடுப்பது கடினம். அந்தப் புள்ளியை நெருக்கமாகப் படம் எடுத்துச் சேர்த்தால் அடையாளம் சொல்பவர் உடனே பிரித்துவிடுவார்.

குறைகளுக்கு வருவோம். தமிழ்ப் பெயர்கள் இன்னும் சீராக ஏறவில்லை. பறவைகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் எதிர்பார்க்கும் அளவு மற்ற பூச்சிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் எதிர்பார்க்க முடியாது. ஒரு மொழியில் ஒரு உயிருக்குப் பல பெயர் இருந்தாலும் முகப்பில் தெரிவது ஒன்றுதான்; மீதியைக் காண வகைப்பாடு என்ற தாவலுக்குள் போக வேண்டும். அதனால் ஒரே செடியை வேறு பெயரால் அறிந்தவர், இது வேறு செடி என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை எல்லாம் எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா என்று முகப்பு சொல்லாது. எழுத்துக்கூட்டல் மாறினாலும் தேடலில் அகப்படாமல் போகலாம்: விஷ்ணுகிராந்தி, விஷ்ணுகரந்தை போன்றவற்றை இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதைச் சரிசெய்யும் வழியும் பயனர் கையிலேயே இருக்கிறது. உயிரின் பக்கத்தில் வகைப்பாட்டுத் தாவலைத் திறந்து, பெயர்களின் பட்டியலில் புதுப் பெயரைச் சேர்க்கலாம். பெயர், மொழி, வேண்டுமானால் எந்த இடத்தில் வழங்குவது என்ற விவரம் தர வேண்டும். மொழி இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்துத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ரோமன் எழுத்தில் ஏற்றிய தமிழ்ப் பெயர் தமிழில் தேடுபவருக்கு உதவாது. புதிதாகப் பெயர் புனைந்து ஏற்றக் கூடாது, ஏற்கெனவே மக்களிடமோ அச்சிலோ புழங்கும் பெயராக இருக்க வேண்டும். பெயர் பகிரப்படுவது என்று தெரிந்தால் வழக்கில் உள்ள அடைமொழியோடு ஏற்றுவது எல்லோருக்கும் நல்லது. வெறும் 'நெருஞ்சி'யைவிட 'ஆனை நெருஞ்சி' தெளிவு. வெறும் 'சங்குப்பூ'வைவிட 'நீலச் சங்குப்பூ' தெளிவு. தவறான பெயர் ஒட்டியிருப்பதைக் கண்டால் அந்தப் பக்கத்திலேயே பராமரிப்பாளர் கவனத்துக்குக் கொடி காட்டும் வசதி இருக்கிறது. ஏன் தவறு என்று ஒரு வரி எழுதினால் வேலை விரைவில் முடியும்.

சங்குப்பூவைத் தொட்டதால் ஒரு சொல். சங்கபுஷ்பி என்ற பெயர் மூன்று செடிகளுக்காவது வழங்குகிறது: அவரைக் குடும்பத்துக் கொடியான கிளிட்டோரியா டெர்னேட்டியா, தரையில் படரும் சிறு நீலப் பூவுள்ள எவால்வுலஸ் ஆல்சினாய்டிஸ், வெளிர் நிறப் புனல் பூவுள்ள கன்வால்வுலஸ் புரோஸ்ட்ரேட்டஸ். உலர்த்திப் பொடியாக்கிய பிறகு இதில் எது என்று எந்தப் படச் செயலியாலும் சொல்ல முடியாது. காய்ந்த வேர், பட்டை, பொடி ஆகியவற்றைப் பதிவேற்றி விடை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். படத்தால் கிடைத்த அடையாளத்தை நம்பி எதையும் உட்கொள்வதும் கூடாது. தளத்தில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலே ஒரு பதிவு ஆய்வுத்தரம் பெற்றுவிடும், அந்த இருவரும் தவறலாம்.

பயிர் வகைகளையும் இங்கே பிரிக்க முடியாது. கற்பூரவல்லி என்பது வாசனை இலைச் செடியான கோலியஸ் அம்போய்னிக்கஸ்; அதே பெயரில் ஒரு வாழை வகையும் உண்டு. செடிக்குப் பக்கம் இருக்கிறது. வாழை வகைக்கு இல்லை, ஏனெனில் மனிதர் தேர்ந்து பெருக்கிய பயிர் வகைகளை இந்தத் தளம் தனி உயிராகக் கணக்கில் எடுப்பதில்லை. தொட்டியில் வளர்த்த செடியைப் பதிவிட்டால் வளர்ப்பு என்று குறிக்க வேண்டும். குறித்தால் அது சாதாரணப் பதிவாகிவிடும், அடையாளம் சொல்ல வருபவர்களும் குறைவு. குறிக்காமல் விடுவது நேர்மையல்ல, தரவையும் கெடுக்கும். அதேபோல் 'கருஞ்சிறுத்தை' தனிச் சிற்றினம் அல்ல. சிறுத்தையிலோ ஜாகுவாரிலோ நிறமி மிகுந்து பிறக்கும் விலங்கு. 'சிறுத்தை' என்றே சீட்டாவையும் சொல்பவர்கள் உண்டு, அதற்குச் சிவிங்கிப்புலி என்ற தனிப்பெயர் இருந்தும். சிறுத்தையின் உடலில் புள்ளிகள் வளையமாகக் கூடி நிற்கும். சிவிங்கிப்புலியில் ஒற்றைக் கரும்புள்ளிகள், கண்ணிலிருந்து வாய் வரை இறங்கும் கறுப்புக் கோடு.

அறிவியல் பெயருக்கு மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தால் அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது, இந்தத் துறையில் பழகியவர்களையே தடுக்கும் கண்ணி. தாவரங்களுக்கும் பாசி, பூஞ்சைகளுக்கும் ஒரு பெயரிடல் விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பேரினப் பெயர் ஒருமுறைதான் செல்லும். ஆனால் ஒன்றில் உள்ள பெயர் மற்றொன்றில் வரத் தடை இல்லை. அதனால் மோரஸ் என்பது முசுக்கொட்டை மரம், கன்னட் கடற்பறவையும் கூட. புரூனெல்லா ஒரு புதினாக் குடும்பச் செடி, ஒரு சிறு பறவைப் பேரினமும் கூட. ஈனாந்தியில் கடும் நஞ்சுள்ள நீரோரச் செடிகள் இருக்கின்றன, வீட்டியர் பறவைகளும் இருக்கின்றன. பியரிஸ் ஒரு புதர், ஒரு வெண்பட்டாம்பூச்சி. லாக்டேரியஸ் பால் கசியும் காளான், அதே பெயரில் சுதும்பு மீன். ஃபைகஸ் வேரியகேட்டா என்று இரண்டு சொல்லும் சேர்த்தே எழுதினாலும் அது ஒரு அத்திமரமாகவும் இருக்கலாம், ஒரு கடல் நத்தையாகவும் இருக்கலாம். அகாதிஸ் மொன்டானாவும் அப்படியே: ஒரு ஊசியிலை மரம், ஒரு குளவி. இத்தகைய பெயர்களைத் தேடும்போது பட்டியலில் உள்ள சிறு படத்தையும், செடியா விலங்கா என்ற குறியையும் பார்க்காமல் தொடக் கூடாது.

மாற்றுகளைப் பற்றிச் சுருக்கமாக. இதே அமைப்பு தரும் சீக் செயலி கேமராவை நீட்டியதும் வகைப்பாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்டும். கணக்கு தொடங்கத் தேவையில்லாததால் சிறுவருக்கு ஏற்றது, ஆனால் திருத்த மனிதர்கள் இல்லை. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் பிளான்ட்நெட் செடிகளுக்கு மட்டும். இலை, பூ, காய், பட்டை எது என்று குறித்துப் படம் கொடுக்கும் முறை அதன் சிறப்பு. செடி, விலங்குப் பெயர்கள் மோதும் பேச்சே எழாது. அது காட்டும் மதிப்பெண்ணை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூகுள் லென்ஸ் இணையத்தில் உள்ள படங்களோடு ஒப்பிடுவதால், யாரோ ஒரு பக்கத்தில் நெட்டிலிங்கத்தை அசோகு என்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே கொண்டுவரும். பெயர் பகிர்வு உள்ள உயிர்களுக்கு அதை முதல் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தோட்டப் பட்டியல், பள்ளி மூலிகைத் தோட்டம், பறவைக் கணக்கெடுப்பு என்று எதற்காகவாவது பெயர்களைத் தொகுப்பவர்கள் விரிதாளில் ஒரு பத்தியைக் கூடுதலாக ஒதுக்கி, ஐநேச்சுரலிஸ்ட் பக்க முகவரியில் உள்ள எண்ணை அதில் எழுதி வையுங்கள். தமிழ்ப் பெயர் ஒரு பத்தியில், அறிவியல் பெயர் அடுத்ததில், எண் மூன்றாவதில். வகைப்பாட்டாளர்கள் ஒரு செடியை வேறு பேரினத்துக்கு மாற்றினால் சில சமயம் புது எண் வரும். அப்போதும் பழைய எண்ணின் பக்கம் திறக்கும், எந்தப் புதிய பெயருக்கு மாறியது என்ற குறிப்பும் அங்கேயே இருக்கும்.